காப்பு, கடன், மனை: வரிசை மாறக் கூடாது

வேலைக்குச் சேர்ந்து நாலைந்து ஆண்டு ஆன பிள்ளைகள் என்னிடம் யோசனை கேட்டு வரும்போது, பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள். "ஒரு மனை பார்த்திருக்கேன், நல்ல இடம், விலை ஏறிக்கிட்டே போகுது. பாதிப் பணம் கையில இருக்கு, மீதிக்குக் கடன் வாங்கலாமா?" நான் வங்கியில் கடன் பிரிவில் நீண்ட காலம் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன். அதனால் வட்டி விகிதத்தைப் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்ப்பார்கள். நான் முதலில் கேட்பது வேறு. "உனக்கு ஆயுள் காப்பீடு எவ்வளவுக்கு இருக்கிறது? குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு உண்டா? ஆறு மாத வீட்டுச் செலவுக்குப் பணம் தனியாக இருக்கிறதா?" இந்த மூன்றுக்கும் தெளிவான பதில் சொன்னவர்கள் மிகக் குறைவு.

நம் குடும்பங்களில் முதலில் மனை வாங்குகிறோம். அதற்காகக் கடன் வாங்குகிறோம். மார்ச் மாதம் வருமான வரிக் கணக்குக்காக ஏதோ ஒரு பாலிசி போடுகிறோம். இந்த வரிசை தலைகீழானது. முதலில் காப்பு, அடுத்து அளவான கடன், அதன்பிறகு சொத்து என்பதே ஒரு குடும்பத்தைக் கரைசேர்க்கும் வரிசை. பணத்தில் நொடிந்துபோன குடும்பங்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அவர்களில் ஊதாரிகள் குறைவு. நன்றாகச் சம்பாதித்தும், வரிசை தவறியதால் விழுந்தவர்களே அதிகம்.

முதலில் காப்பு

ஒருநாள் மாலை, கணவரை இழந்து இரண்டு மாதம்கூட ஆகாத ஒரு பெண் தன் அண்ணனோடு எங்கள் கிளைக்கு வந்தார். துணிப்பையிலிருந்து பாலிசிப் பத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் அடுக்கினார். மொத்தம் ஐந்து. ஒன்று மகள் பிறந்தபோது போட்டது. ஒன்று உறவுக்காரர் முகவராகச் சேர்ந்தபோது அவர் மனம் கோணக் கூடாதென்று போட்டது. மற்ற மூன்றும் வரி மிச்சம் பிடிக்கப் போட்டவை. ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 ரூபாய் பிரீமியம் கட்டியிருக்கிறார் அந்த மனிதர், ஒரு தவணைகூடத் தவறவில்லை. ஐந்தையும் கூட்டிப் பார்த்தால், போனஸோடு சேர்த்து 9 லட்சம் வந்தது. வீட்டுக்கடன் பாக்கியோ 22 லட்சம். அந்த அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இவ்வளவு கட்டியிருக்காரே சார், வீடாவது எங்களுக்கு நிக்குமா?" நிற்கவில்லை. ஓராண்டுக்குள் வீட்டை விற்றுக் கடனை அடைத்துவிட்டு, பிள்ளைகளோடு பிறந்த வீட்டுக்குப் போனார்.

அவர் கணவர் கட்டிய அந்த அறுபதாயிரத்தில் நான்கில் ஒரு பங்கு போதுமாக இருந்திருக்கும். முப்பது வயதுள்ள, புகைப்பழக்கம் இல்லாத ஒருவர் ஒரு கோடி ரூபாய்க்கு டேர்ம் பாலிசி (குறித்த காலத்துக்குள் இறந்தால் மட்டுமே தொகை தருவது) எடுத்தால், ஆண்டு பிரீமியம் பொதுவாக 10,000 முதல் 15,000 ரூபாய்க்குள் அடங்கிவிடும். "இருந்தா ஒண்ணும் திரும்ப வராதே" என்று பலரும் தயங்குகிறார்கள். ஓட்டும் வண்டிக்கு ஆண்டுதோறும் இன்சூரன்ஸ் கட்டுகிறோம். விபத்து நடக்கவில்லை, பணம் வீணாகிவிட்டது என்று யாரும் வருந்துவதில்லை. சம்பாதிக்கும் ஆளுக்கு அந்த நியாயம் பொருந்தாதா? சேமிப்பும் காப்பீடும் கலந்த எண்டோமென்ட், மணிபேக் வகைப் பாலிசிகள் காப்பாகவும் போதாது, சேமிப்பாகவும் போதாது. அவற்றில் கிடைக்கும் வருமானம் பெரும்பாலும் ஆண்டுக்கு 5, 6 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. காப்பீட்டைக் காப்பீடாக வாங்குங்கள், சேமிப்பைத் தனியாகச் செய்யுங்கள்.

எவ்வளவுக்கு எடுப்பது? ஆண்டு வருமானத்தைப் போல் பத்து முதல் பதினைந்து மடங்கு, அதோடு இருக்கிற கடன் பாக்கி முழுவதும். வேலையிலிருந்து ஓய்வு பெறும் வயதுவரை இருந்தால் போதும். விண்ணப்பத்தை முகவரிடம் கொடுத்து நிரப்பச் சொல்லாதீர்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், புகை, மது என்று கேட்டிருக்கும் ஒவ்வொன்றுக்கும் உண்மையை உங்கள் கையாலேயே எழுதுங்கள். காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆவது பிரிவுப்படி, பாலிசி தொடங்கி மூன்று ஆண்டு கழிந்தபின் எந்தக் காரணம் காட்டியும் நிறுவனம் அதைக் கேள்விக்குள்ளாக்க முடியாது. அந்த மூன்று ஆண்டுக்குள் இழப்பு நேர்ந்தால் ஒவ்வொரு பதிலையும் துருவிப் பார்ப்பார்கள். மறைத்த ஒரு மாத்திரைச் சீட்டு குடும்பத்தின் மொத்தத் தொகையையும் முடக்கிவிடும். பாலிசிப் பத்திரம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுக்க உரிமை உண்டு. அந்த 30 நாட்களில் ஒரு நாள் உட்கார்ந்து முழுதும் படியுங்கள்.

தொழில் செய்பவர்கள், கடன் சுமை உள்ளவர்கள் இன்னொன்றையும் அறிந்துகொள்ள வேண்டும். 1874ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் 6ஆவது பிரிவின்கீழ், மனைவி மக்கள் பெயரில் பாலிசி எடுக்க வழியிருக்கிறது. அப்படி எடுத்தால், அந்தத் தொகை அவர்களுக்கே உரியது. கடன்காரர்கள் அதில் கைவைக்க முடியாது. பாலிசி எடுக்கும்போதே இதைக் கேட்டுப் பெற வேண்டும், பிறகு சேர்க்க முடியாது.

மருத்துவக் காப்பீட்டில் இளைஞர்கள் செய்யும் பிழை, அலுவலகம் கொடுத்திருப்பதே போதும் என்று இருந்துவிடுவது. வேலை போகும் அன்றே அந்தக் காப்பும் போய்விடும். ஐம்பது வயதில், சர்க்கரை வந்த பிறகு புதிதாக எடுக்கப் போனால் பிரீமியமும் ஏறியிருக்கும், காத்திருப்புக் காலமும் இருக்கும். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் 2024 ஏப்ரலிலிருந்து அதிகபட்சம் மூன்று ஆண்டு என்று குறைக்கப்பட்டிருக்கிறது. திடமாக இருக்கும்போதே எடுத்துவிட்டால் அந்த மூன்று ஆண்டும் நமக்குத் தெரியாமலே கழிந்துவிடும். அறை வாடகை வரம்பைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். நாளொன்றுக்கு 4,000 ரூபாய் வரம்புள்ள பாலிசியை வைத்துக்கொண்டு 8,000 ரூபாய் அறையில் சேர்ந்தால், அறை வாடகை மட்டுமல்ல, மருத்துவர் கட்டணம், அறுவைக் கட்டணம் போன்றவற்றிலும் பாதியைத்தான் தருவார்கள். தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீடுகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. இல்லை என்பதால், பிரீமியம் சுமை என்ற காரணமும் ஓரளவு குறைந்துவிட்டது.

வசதி குறைந்தவர்களுக்கும் வழி இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை சிகிச்சை பெறலாம். வங்கிக் கணக்கு இருந்தால், ஆண்டுக்கு 436 ரூபாயில் 2 லட்சத்துக்கு ஆயுள் காப்பீடும், வெறும் 20 ரூபாயில் 2 லட்சத்துக்கு விபத்துக் காப்பீடும் உண்டு. கூலி வேலைக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் அக்கம்பக்கத்தில் படித்தவர்கள் இதைச் சொல்லிச் சேர்த்துவிட வேண்டும்.

அடுத்து கடன்

கடன் வாங்குவது பாவமில்லை. கணக்குப் பார்க்காமல் வாங்குவதுதான் கேடு. "மாசம் எவ்வளவு கட்டணும்?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். கேட்க வேண்டியது, "மொத்தம் எவ்வளவு கட்டப்போகிறேன்?" என்பது. 30 லட்சம் ரூபாயை 9 சதவீத வட்டியில் 20 ஆண்டுக்கு வாங்கினால், மாதத் தவணை ஏறத்தாழ 27,000 ரூபாய். 20 ஆண்டில் கட்டி முடிப்பது சுமார் 65 லட்சம். முதல் மாதம் கட்டும் 27,000இல் 22,500 வட்டிக்கே போய்விடும், அசலில் கழிவது நாலரை ஆயிரம்தான். ஐந்து ஆண்டு விடாமல் கட்டி, 16 லட்சத்துக்கு மேல் கொடுத்த பிறகும் பாக்கி 26.6 லட்சம் நிற்கும். இந்தக் கணக்கை ஒருமுறை காகிதத்தில் எழுதிப் பார்த்தவர், தேவைக்கு மேல் ஒரு லட்சம்கூடக் கூட்டி வாங்கமாட்டார்.

எல்லாத் தவணைகளும் சேர்ந்து, கைக்கு வரும் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட விடாதீர்கள். வங்கி பாதிவரை தர ஒப்புக்கொள்ளலாம். அது வங்கியின் கணக்கு. உங்கள் கணக்கில் பள்ளிக் கட்டணமும், பெற்றோரின் மருந்துச் செலவும், வட்டி ஏறும் சாத்தியமும் இருக்க வேண்டும். ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் ரெப்போ விகிதம், 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்தது, 2023 பிப்ரவரிக்குள் 6.5 ஆயிற்று. மாறும் வட்டியில் வீட்டுக்கடன் வாங்கியிருந்த பலருக்கு, தவணைத் தொகை மாறாமலே கட்ட வேண்டிய ஆண்டுகள் நீண்டுவிட்டன, சிலருக்கு ஓய்வு வயதையும் தாண்டி. வட்டி ஏறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. முடிந்தவரை தவணையைக் கூட்டிக்கொள்ளுங்கள். மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டியே அடைப்பதற்கு அபராதம் வாங்கக் கூடாது என்பது வங்கிகளுக்கு 2012 முதலே உள்ள விதி. மேலே சொன்ன 30 லட்சம் கடனில், ஆண்டுக்கு ஒரே ஒரு தவணையைக் கூடுதலாகக் கட்டி வந்தால், மூன்று ஆண்டுக்கும் மேல் முன்னதாகவே கடன் தீரும். போனஸ் வந்தால் முதல் பங்கு கடனுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வட்டி சொல்லும் விதத்திலேயே பலர் ஏமாறுகிறார்கள். "ரெண்டு வட்டி" என்றால் மாதத்துக்கு, ஆண்டுக்கு 24 சதவீதம். தண்டலில் 9,000 கையில் கொடுத்துவிட்டு நாளுக்கு 100 வீதம் நூறு நாள் வாங்குவார்கள். ஆயிரம் ரூபாய்தானே வட்டி என்று தோன்றும். தினமும் அசல் குறைந்துகொண்டே வருவதால், அந்த வட்டி ஆண்டுக் கணக்கில் 77 சதவீதம் வருகிறது. "10 பர்சென்ட் ஃபிளாட்" என்று சொல்லித் தரும் மூன்று ஆண்டு வண்டிக் கடனின் உண்மையான வட்டி 18 சதவீதத்தை ஒட்டி வரும். கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வந்தால், மீதிக்கு மாதம் 3 முதல் 3.5 சதவீதம் ஓடிக்கொண்டே இருக்கும். தமிழ்நாட்டில் 2003இலேயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது. சட்டம் இருந்தும் தண்டல்காரரைத் தேடிப் போக வைப்பது, கையில் அவசரத்துக்குச் சேர்த்து வைக்காத வெறுமைதான். அதனால்தான் ஆறு மாதச் செலவுக்கான பணத்தை, வைப்புத்தொகையாகவோ சேமிப்புக் கணக்கிலோ, மனை வாங்கும் ஆசை வந்தாலும் தொடாமல் வைத்திருக்கச் சொல்கிறேன்.

ஜாமீன் கையெழுத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். "சும்மா ஒரு கையெழுத்துதானே மச்சான்" என்று கேட்பார்கள். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 128ஆவது பிரிவில், கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு என்கிறது. வாங்கியவர் சொத்தை ஏலம் விட்டுத் தீர்ந்த பிறகுதான் உங்களிடம் வருவார்கள் என்று நினைக்காதீர்கள், நேரே உங்களிடமே கேட்கலாம். அந்தக் கடனை நீங்களே அடைக்க உங்களால் முடியும், அடைத்தாலும் உறவு கெடாது என்றால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள். இல்லையென்றால், உங்களால் இயன்ற ஒரு தொகையைக் கையில் கொடுத்து உதவுங்கள். அது உறவைக் காப்பாற்றும்.

கடன் முடிந்ததும் வேலை முடிந்துவிடுவதில்லை. முழுதும் கட்டி முடித்த 30 நாட்களுக்குள் அசல் பத்திரங்களை வங்கி திருப்பித் தர வேண்டும். அதன் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் முதல் நடப்பில் உள்ள விதி. பத்திரத்தை வாங்கியதோடு நிற்காமல், சார்பதிவாளர் அலுவலகத்தில் ரசீது ஆவணம் பதிந்து, வில்லங்கச் சான்றில் அந்த அடமானம் தீர்ந்ததாக ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பிள்ளைகள் நாளை அந்த வீட்டை விற்கப் போகும்போது இதற்காக அலைய நேரக் கூடாது.

பிறகு மனை

குடியிருக்க ஒரு வீடு வேண்டும் என்ற ஆசை நியாயமானது. அதற்கு அளவாகக் கடன் வாங்கலாம். முதலீட்டுக்காக, அதுவும் கடனில், இரண்டாவது மனையோ வீடோ வாங்குவதைத்தான் நான் தடுப்பேன். சென்னையில் 60 லட்சம் ரூபாய் அடுக்ககம் பெரும்பாலும் 15,000 முதல் 18,000 ரூபாய் வாடகைக்குத்தான் போகும். பராமரிப்பும் சொத்து வரியும் போக, ஆண்டுக்கு 3 சதவீதம் நின்றாலே பெரிது. 9 சதவீதத்துக்குக் கடன் வாங்கி 3 சதவீதம் ஈட்டுவதில், விலை ஏற்றம் ஒன்றை நம்பித்தான் எல்லாமே நிற்கிறது. வாங்கும்போதே முத்திரைத்தாள் கட்டணம் 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் போய்விடும். 20 லட்சம் மதிப்புள்ள மனைக்கு 1,80,000 ரூபாய் இப்படியே செலவாகும். ஆஸ்பத்திரியில் மூன்று லட்சம் கட்டச் சொன்னால், மனையில் ஒரு மூலையை மட்டும் வெட்டி விற்க முடியாது. அவசரத்துக்கு விற்றால் வாங்குபவர் கேட்ட விலைக்குத்தான் போகும். சொத்து இருந்தும் கையில் காசில்லாத குடும்பங்கள் நம் ஊர்களில் எத்தனை!

வாங்கத்தான் வேண்டும் என்றால், விளம்பரக்காரர்களின் வேனில் போய் மதியச் சாப்பாட்டோடு பார்த்துவிட்டு அன்றே டோக்கன் கொடுக்காதீர்கள். இன்னொரு நாள், மழைக்காலமாக இருந்தால் நல்லது, நீங்களே போய் நில்லுங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்பவரிடம் கேளுங்கள். அது ஏரிப் புறம்போக்கா, கோயில் நிலமா, பஞ்சமி நிலமா என்பது அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்கும்.

பத்திரங்களை வழக்கறிஞரிடம் கொடுப்பதற்கு முன் நீங்களும் ஒருமுறை படியுங்கள். தாய்ப்பத்திரம் முதல் இன்றுவரை சங்கிலி அறாமல் வருகிறதா, 30 ஆண்டுக்கு வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறதா, பட்டாவில் உள்ள சர்வே எண்ணும் பரப்பளவும் பத்திரத்தோடும் புலப்படத்தோடும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். வில்லங்கச் சான்றில் பதிவான ஆவணங்கள் மட்டுமே தெரியும். பதியாத உயிலும், பங்காளிகளுக்குள் இருக்கும் தகராறும் அதில் வராது.

ஒருமுறை கடன் விண்ணப்பத்தோடு வந்த ஆவணங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். தகப்பனார் இறந்தபின் பிள்ளைகள் விற்ற நிலம். வில்லங்கம் சுத்தம், பட்டாவும் சரி. அடியில் இருந்த வாரிசுச் சான்றில் நான்கு பெயர்கள் இருந்தன: தாயார், இரண்டு மகன்கள், ஒரு மகள். கிரையப் பத்திரத்தில் இருந்ததோ மூன்று கையெழுத்துகள். கேட்டால், "அவளைக் கட்டிக் கொடுத்தாச்சு சார், சீர் எல்லாம் செஞ்சாச்சு" என்றார்கள். சீர் செய்ததால் மகளின் உரிமை போய்விடாது. பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்குப் பங்கு தரும் சட்டத் திருத்தத்தைத் தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதலே நடைமுறைப்படுத்திவிட்டது. 2005இல் நாடு முழுமைக்கும் அது வந்தது. தகப்பனார் தாமே சம்பாதித்து உயில் எழுதாமல் விட்ட சொத்திலோ, 1956 முதலே மகளுக்கும் சம பங்கு உண்டு. அந்தப் பெண் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்த பிறகே கடன் கொடுத்தோம். அவர் கையெழுத்து இல்லாமல் பணத்தைக் கொட்டியிருந்தால், வாங்கியவர் பாதி வாழ்நாளை நீதிமன்றத்தில் கழித்திருப்பார்.

அங்கீகாரத்திலும் கவனம் வேண்டும். "பஞ்சாயத்து அப்ரூவல்" என்பதை நம்பாதீர்கள். டி.டி.சி.பி. அல்லது சி.எம்.டி.ஏ. அங்கீகாரம் வேண்டும். பெரிய மனைப்பிரிவு, அடுக்ககம் என்றால் ரெரா பதிவு எண்ணும் வேண்டும். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தபோது, பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய நடுத்தரக் குடும்பத்தினர். பொது அதிகாரப் பத்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டு உரிமை வந்துவிட்டதாக நினைப்பதும் ஆபத்து. அது உரிமை மாற்றம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2011இலேயே சொல்லிவிட்டது.

வீட்டில் பேசுங்கள்

இவை எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு, மனைவியிடமோ கணவரிடமோ சொல்லாமல் போனவர்களும் உண்டு. யாரிடம் எவ்வளவு கடன், எந்தப் பாலிசி எங்கே இருக்கிறது, பத்திரம் எந்த வங்கியில் என்று ஒரே நோட்டில் எழுதி வையுங்கள். ஒவ்வொரு கணக்கிலும் நியமனதாரர் பெயர் இருக்கிறதா, கல்யாணத்துக்குப் பிறகும் பழைய பெயரே நிற்கிறதா என்று பாருங்கள். பெரிய தொகைக்குக் கையெழுத்துப் போடும் முன் வீட்டில் இருவரும் உட்கார்ந்து கணக்குப் பாருங்கள், ஒருவருக்குத் தயக்கம் இருந்தால் ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள். நல்ல மனை இன்னொன்று வரும்.

தம்பி தங்கைகளே, உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். மனை பார்க்கப் போகும் முன், "சம்பாதிக்கும் ஆள் நாளை இல்லையென்றால், அல்லது ஆறு மாதம் சம்பளம் வரவில்லையென்றால், இந்தக் குடும்பம் நிற்குமா?" என்று கேளுங்கள். நிற்கும் என்று காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்ட முடிந்தால், தாராளமாக வாங்குங்கள். முடியாவிட்டால், அந்த முன்பணத்தில் முதலில் ஒரு டேர்ம் பாலிசியும் ஒரு மருத்துவக் காப்பீடும் எடுங்கள், மீதியை அவசரத்துக்கு ஒதுக்குங்கள். மனை அடுத்த ஆண்டு வாங்கிக்கொள்ளலாம்.